காட்டுப் பூவரசு என்னும் ரோடோடெண்ட்ரான்
அதன் இனமும், வளரும் இடங்களும், பயிரிடும் முறையும்

நீலகிரி, பழனி முதலிய உயர்ந்த மலைகளில் வசிப்போர் ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில் ஒரு மரத்தைக் காண்பர். உறைபனியால் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும் அக்காலத்தில், முறுக்கிய கிளைகளும் தடித்த பட்டையும் உடைய அம்மரம், கிளை நுனிதோறும் இரத்தச் சிவப்பான பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும். இதனைக் காட்டுப் பூவரசு என்பர். தாவர நூலார் இட்ட பெயர் ரோடோடெண்ட்ரான் என்பது. கிரேக்க பாஷையில் ரோடோன் என்றால் ரோஜா; டெண்ட்ரான் என்றால் மரம். ஆகவே இப்பெயர் ரோஜா மரம் எனப் பொருள்படும். ஆயினும் ரோஜாவுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. ஏரிக்கரைகளில் நாம் காணும் பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை. பூவரசு பருத்தியின் இனத்தைச் சேர்ந்தது. ரோடோடெண்ட்ரானோ எரிக்கேசி என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

பூ அழகாயிருக்கிறது என்பதற்காக மட்டும் இம்மரத்தைப் பற்றிச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டுவதில்லை. மலைநாட்டில் விறகும், ஆடுமாடுகளின் மேய்ச்சலும், தேனும் இதனோடு சம்பந்தப்பட்டவை. நாற்றங்கால் நடத்தும் சங்கங்களுக்கு இதன் உறவுச் செடிகள் வருமானம் தரக்கூடியவை. சமவெளியில் உள்ளவர்களோ மலை வாசஸ்தலங்களில் இப்பூக்களைக் கண்டு ஆசைப்பட்டு நாற்று வாங்கி வந்து நஷ்டமடைய நேரும். ஆகையால் இச்செடியின் இயல்பை முதலிலேயே தெரிந்துகொள்ளுதல் அனைவருக்கும் நலம்.

இனமும் பிரிவுகளும்

ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியாகிய லின்னேயஸ் என்பவர் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ரோடோடெண்ட்ரான் என ஓரினத்தையும், அசேலியா என மற்றோர் இனத்தையும் தனித்தனியே வகுத்தார். ஐந்து கேசரங்களை உடையவை அசேலியா என்றும், பத்துக் கேசரங்களை உடையவை ரோடோடெண்ட்ரான் என்றும் அவர் கொண்டார். பின்னர்ப் பல தேசங்களிலிருந்து புதிய செடிகள் வரவர, இவ்வெல்லை நிலையாக நில்லாதென்பது தெரியவந்தது. 1834-இல் ஜார்ஜ் டான் என்பவர் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்தார். இன்றும் அதுவே வழக்கு. எனினும் தோட்டக்காரர்கள் சிறு செடிகளாய் வளர்பவற்றை அசேலியா என்ற பழைய பெயராலேயே அழைக்கின்றனர். உதகமண்டலத்திலும் கோடைக்கானலிலும் தொட்டிகளில் வைக்கும் அசேலியா இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவ்வினத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜாதிகள் உண்டு. இவ்வளவு பெருங்கூட்டத்தை எவ்வாறு பிரித்தறிவது? இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சில ஜாதிகளில் அங்கே மிகச் சிறிய செதில்கள் ஒட்டியிருக்கும். பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால் அவை நன்கு புலப்படும். வேறு சில ஜாதிகளில் செதில் இராது. இலை வழவழப்பாகவோ, கம்பளி போன்ற மென்மயிர் போர்த்தோ இருக்கும். செதிலுள்ளவை ஒரு பெரும் பிரிவு. செதிலற்று, என்றும் பசுமையாய், பெரிய இலையும் பெரிய கொத்துமாக உள்ளவை மற்றொரு பிரிவு. இவை இரண்டினும் வேறாக அசேலியாக்கள் நிற்கின்றன. அவற்றுட் பல குளிர்காலத்தில் இலையுதிர்ப்பவை. செதிலுள்ளதையும் செதிலற்றதையும் கலந்து ஒட்டு ஜாதி உண்டாக்குதல் பெரும்பாலும் கைகூடுவதில்லை. ஆகவே இப்பிரிவு வெறும் ஏட்டுப் பிரிவன்று. இயற்கையே வகுத்தது எனலாம். நீலகிரியில் வளரும் காட்டுப் பூவரசு செதிலற்ற பிரிவைச் சேர்ந்தது. அதன் இலையை மடக்கிப் பார்த்தால் மேற்புறம் கரும்பச்சையாகவும், அடிப்புறம் மென்மயிர் போர்த்து வெளிறியும் இருக்கும்.

உருவத்திலும் இவ்வினத்தின் வேற்றுமை வியக்கத்தக்கது. இமயமலையில் ஏறக்குறைய 18,000 அடி உயரத்தில், பாறையோடு பாறையாகச் சில அங்குல உயரமே வளரும் நிவாலே என்ற ஜாதி உண்டு. சீன தேசத்தின் யுன்னான் மாகாணத்தில் 1919-இல் ஜார்ஜ் பாரஸ்ட் என்பவர் 80 அடி உயரமுள்ள ரோடோடெண்ட்ரான் மரம் ஒன்றைக் கண்டார். அடிமரத்தின் துண்டொன்றை எடுப்பதற்காக அதனை வெட்டி, வளையங்களை எண்ணியபோது 280 ஆண்டு வயது என்று தெரிந்தது. சிக்கிம் காடுகளில் வளரும் டல்ஹௌசியே என்ற ஜாதியோ தரையில் வேரூன்றாமல் பெரிய மரங்களின் கிளைகளிலேயே தொற்றி வளர்ந்து வெண்ணிற மலர்களைத் தொங்கவிடும்.

எங்கெங்கே வளர்கிறது

இவ்வினத்துக்குத் தாயகம் என்று சொல்லத்தக்கது இமயமலையின் கிழக்குப் பகுதியும், வட பர்மாவும், தென்மேற்குச் சீனாவுமாகும். ஜாதிகள் மிகுதியாக நெருங்கி வாழ்வது அங்கேதான். மற்றொரு பெருங்கூட்டம் மலேயா தீவுக்கூட்டத்தின் மலைகளிலும் நியூகினியிலும் வாழ்கிறது. விரேயா எனப்படும் அப்பகுதியில் ஏறக்குறைய 300 ஜாதிகள் அடங்கும். அவற்றின் உறவினர் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மலைகளையும் எட்டியிருக்கின்றனர். ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை, கருங்கடலோரம் ஆகிய இடங்களிலும் சில ஜாதிகள் உண்டு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இயற்கையாய் வளரும் ரோடோடெண்ட்ரான் ஒன்றேனும் இல்லை.

இந்தியாவில் அருணாசலப் பிரதேசமும் சிக்கிமும் இவ்வினத்துக்குப் பேர்பெற்றவை. ஜோசப் டால்டன் ஹூக்கர் என்னும் ஆங்கிலத் தாவர நூலார் 1848 முதல் சிக்கிம் மலைகளில் சுற்றி, அதுவரை உலகம் அறியாத பல ஜாதிகளைச் சேகரித்து, படங்களுடன் ஒரு நூலாக 1849 முதல் 1851 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அவர் அனுப்பிய விதைகளால் இங்கிலாந்தின் தோட்டங்களே உருமாறின.

இந்தியாவில் மிகப் பரந்து வளர்வது ஆர்போரியம் என்னும் மர ஜாதி. 1796-இல் கார்வால் மலைப்பக்கம் யாத்திரை சென்ற கேப்டன் ஹார்ட்விக் என்பவர் இதனைக் கண்டு குறித்தார். காஷ்மீரம் முதல் பூட்டான் வரையிலும், நாகா மலைகளிலும், மணிப்பூரிலும் இது வளர்கிறது. தாழ்ந்த இடங்களில் பூ நல்ல சிவப்பாயிருக்கும். உயரம் ஏற ஏற இளஞ்சிவப்பும், சிற்சில இடங்களில் வெண்மையும் காணப்படும். நேபாள தேசத்தார் இதனை லாலிகுராஸ் என அழைத்துத் தங்கள் தேசிய மலராகக் கொண்டுள்ளனர். உத்தரகண்ட் மாநிலத்தார் புராஞ்ச் என அழைத்துத் தங்கள் மாநில மரமாகக் கொண்டுள்ளனர்.

இந்த ஆர்போரியத்தின் ஒரு கிளையே நமது நீலகிரி மரம். நீலகிரி, ஆனைமலை, பழனி மலை ஆகியவற்றில், பொதுவாக 5,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில் இது வளர்கிறது. ஜெர்மன் தேசத்து சென்கர் என்பவர் இதனைத் தனி ஜாதியாகக் கொண்டு நீலகிரிகம் எனப் பெயரிட்டார். பிற்காலத்தவர் இதனை ஆர்போரியத்தின் உபஜாதியாகக் கொண்டனர். இலங்கையின் நுவரெலியா, ஹார்ட்டன் சமவெளி முதலிய உயர்நிலங்களில் மற்றோர் உபஜாதி வளர்கிறது. சிங்களர் இதனை மஹா ரத் மல், அதாவது பெரிய செம்மலர், என்பர்.

நீலகிரிக்கும் இமயத்துக்கும் உள்ள தொடர்பு

நீலகிரிக்கும் இமயத்துக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரம். நடுவில் உள்ளனவோ வெப்பமான சமவெளிகளும் தாழ்ந்த மலைகளும். அங்கே ஓரிடத்திலும் இம்மரம் நிற்பதில்லை. இவ்வளவு தூரத்தைத் தாண்டி இது தெற்கே எவ்வாறு வந்தது?

தாவர நூலார் பலரும் கூறும் சமாதானம் இது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமி இன்றைக்காட்டிலும் குளிர்ந்திருந்த காலங்கள் உண்டு. அக்காலங்களில் இம்மரம் வாழக்கூடிய குளிர்ந்த நிலம் இன்றைக்காட்டிலும் தாழ்வான மலைகளிலும் பரவியிருந்திருக்கும். மலையிலிருந்து மலைக்கு இவ்வினம் சிறிது சிறிதாகத் தெற்கு நோக்கி வந்திருக்கலாம். பின்னர்ப் பூமி வெப்பமுற்றபோது தாழ்ந்த இடங்களில் இருந்தவை மடிந்தன; உச்சிகளில் ஏறி நின்றவை மட்டும் எஞ்சின. வெள்ளம் பெருகியபோது மேட்டில் ஏறித் தப்பியவர் அங்கேயே தங்கிவிட்டது போன்ற நிலை இது. தைல வாசனையுடைய கல்தேரியா என்னும் செடியும் இமயத்திலும் நீலகிரியிலும் இவ்வாறே பிரிந்து வாழ்கிறது.

இவ்விஷயம் வெறும் கதையன்று. உச்சியில் நிற்கும் மரத்துக்கு மேலே ஏற இடமில்லை. இமயத்தில் வெப்பம் மிகுந்தால் அவ்வின மரங்கள் காலப்போக்கில் இன்னும் ஆயிரம் அடி மேலே செல்லக்கூடும். நீலகிரியின் உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரமே 8,650 அடிதான். அதற்கு மேல் ஆகாயமே உள்ளது. ஆகவே தென்னாட்டில் நிற்கும் ஒவ்வொரு மரமும், ஒருமுறை இழந்தால் வேறிடத்திலிருந்து தானே வந்து நிரம்பாத கைம்முதலாகும்.

மலையில் அதன் வேலை

நீலகிரியின் உச்சிப் பிரதேசத்தில் பள்ளங்களில் சோலைக்காடும், மேடுகளில் புல்வெளியும் இருப்பதை மலைநாட்டார் அறிவர். சோலை மரங்களின் இளங்கன்றுகள் புல்வெளியில் முளைத்தால் உறைபனியிலும் காட்டுத்தீயிலும் மடிந்துபோகும். காட்டுப் பூவரசோ அவ்விரண்டையும் தாங்கிப் புல்வெளியின் நடுவிலும், சோலையின் விளிம்பிலும் நிற்கும். தக்கை போன்ற தடித்த பட்டை, தீ மேலோடு போகும்போது உள்ளிருக்கும் உயிரைக் காக்கிறது.

மற்ற பூக்கள் அருகியிருக்கும் பனிக்காலத்தில் இது பூப்பதால், தேன்சிட்டு முதலிய பறவைகளுக்கு உணவளிக்கிறது. அப்பறவைகளே மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசெல்கின்றன. சிவந்த நிறமும், குழல் வடிவமும், அடியில் நிறைந்த தேனும் பறவைகளை அழைப்பதற்கு ஏற்றவை. இதன் வேர்களில் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைக் காளான் கூடி வாழ்ந்து, சத்தில்லாத புளிப்பு நிலத்திலிருந்தும் உணவைப் பிரித்துக் கொடுக்கிறது. செடி தன் பங்காகக் காளானுக்குச் சர்க்கரையை அளிக்கிறது. இருவரும் முதல் போட்டு இருவரும் இலாபம் பெறும் இவ்வேற்பாடு, கூட்டுறவுச் சங்கத்தார்க்கு விளக்கிச் சொல்ல வேண்டாதது.

இமயமலைக் கிராமத்தாரின் அனுபவம்

உத்தரகண்டத்தின் மலைக்கிராமங்களில் மாசி, பங்குனி மாதங்களில் பெண்கள் கூடைகளுடன் சென்று புராஞ்சுப் பூக்களைச் சேகரிக்கின்றனர். கேசரங்களையும் காம்பையும் நீக்கி, இதழ்களைக் கழுவி, நீரில் சிறிது காய்ச்சி வடித்து, சர்க்கரையும் எலுமிச்சைப் புளிப்பும் சேர்த்துச் சர்பத்து ஆக்குகின்றனர். துவையலும் அரைப்பதுண்டு. முற்காலத்தில் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் நடந்த இவ்வேலை, இப்பொழுது மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் புட்டியில் அடைத்து விற்கும் தொழிலாக வளர்ந்துள்ளது. நிலமும் முதலும் இல்லாத குடும்பத்துக்கும் இது சில வாரங்களுக்கு வருமானம் தருகிறது.

ஆயினும் இதில் ஓர் அபாயம் உண்டு. பூவே விதையின் தாய். ஒரு சரிவில் உள்ள பூக்களை எல்லாம் பறித்துவிட்டால் அவ்வாண்டு அச்சரிவில் விதை இராது. பறவைக்கு இரையும் இராது. முதிர்ந்த மரம் நின்றுகொண்டிருப்பதால் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் சென்று கிழமரங்கள் விழும்போதுதான் கீழே கன்று இல்லாமை தெரியவரும். வட்டியைச் செலவிடுவதாக எண்ணி முதலைத் தின்னும் கணக்கு இது. மேலும் இதன் கட்டை விறகுக்கும் கரிக்கும் பயன்படுவதால் வெட்டுவோரும் உண்டு. சில ஆண்டுகளில் பருவத்துக்கு முன்னரே, மார்கழி, தை மாதங்களிலேயே, புராஞ்சு பூப்பதாகவும், வெப்பம் மிகுதலே அதற்குக் காரணமாகலாம் எனவும் ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர்.

இவ்விஷயத்தில் குமாவோன் பிரதேசத்தின் வன பஞ்சாயத்துகள் கவனிக்கத்தக்கவை. காடுகளைச் சர்க்கார் தம்வசம் எடுத்துக்கொண்டதனால் கிராமத்தாருக்கு உண்டான மனக்கசப்பை அடுத்து, 1931-ஆம் ஆண்டில் ஏற்பட்ட விதிகளின்படி அவை அமைந்தன. கிராமத்தாரே பஞ்சாயத்தாரைத் தேர்ந்தெடுத்து, புல் அறுக்கவும் சருகு சேர்க்கவும் காட்டைத் திறக்கும் நாட்களைக் குறித்து, காவலாள் வைத்து, மீறினவரிடம் அபராதம் வசூலிப்பர். எல்லாப் பஞ்சாயத்துகளும் ஒன்றுபோல் நடந்தன என்று சொல்ல முடியாது. ஆயினும் நன்றாக நடந்த இடங்களில் காடு நிலைத்தது. எவருக்கும் பொறுப்பில்லாத பொதுச்சொத்து அழியும்; பங்காளிகள் கூடிக் கணக்கு வைத்து அனுபவிக்கும் பொதுச்சொத்து நிற்கும் என்பதற்கு அவை சான்றாகும்.

விஷத்தைப் பற்றிய எச்சரிக்கை

ஆர்போரியத்தின் இதழை மலைவாசிகள் உண்பதைக் கேட்டு, எல்லா ரோடோடெண்ட்ரானும் உண்ணத்தக்கவை என எண்ணுதல் பெருந்தவறு. இவ்வினத்துட் பலவற்றின் இலையிலும் பூவிலும் தேனிலும் கிரேயனோடாக்ஸின் என்னும் விஷம் உண்டு. இது உடம்பிற் சேர்ந்தால் வாயில் நீர் ஊறும். வாந்தியும் மயக்கமும் உண்டாகும். நாடித்துடிப்புத் தளர்ந்து இரத்த அழுத்தம் குறையும்.

கி.மு. 401-இல் கருங்கடலோரமாகச் சென்ற கிரேக்கப் படை வீரர்கள் அவ்விடத்துத் தேனை உண்டு, நிற்க மாட்டாமல் விழுந்தனர் என்றும், மூன்று நான்கு நாட்களில் தேறி எழுந்தனர் என்றும் அப்படையின் தலைவருள் ஒருவராகிய ஜெனபன் எழுதி வைத்துள்ளார். அத்தேன் அங்கே வளரும் ரோடோடெண்ட்ரான் பூக்களிலிருந்து வந்தது. துருக்கியிலும், நேபாளத்தில் பாறைத்தேன் எடுக்கும் மலைகளிலும் இத்தகைய தேன் இன்றும் கிடைக்கிறது. அதனை உண்டு வைத்தியசாலைக்குச் செல்வோரும் உளர். ஆகவே மருந்து என்று சொல்லி விற்கும் அயல்மலைத் தேனைத் தெரியாமல் வாங்கி உண்ணலாகாது.

ஆடுமாடு வைத்திருப்போர் இன்னும் அதிகக் கவனமாயிருத்தல் வேண்டும். புல் நன்றாயிருக்கும் காலத்தில் ஆடுகள் இவ்விலையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. புல் அற்ற காலத்திலும், வேலியில் கத்தரித்த அசேலியாத் தழையை மேய்ச்சல் நிலத்தில் கொட்டும்போதும் தின்றுவிடும். கத்தரித்த தழையைப் புதைத்தோ எரித்தோ விடுதல் நலம். ஆடு தழை தின்று நுரை தள்ளி, பல்லைக் கடித்து, தள்ளாடுமானால், நாட்டு மருந்து தேடிக் காலங்கழிக்காமல் உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பயிரிடும் முறை

இச்செடி விரும்புவன நான்கு: குளிர்ந்த காற்று, புளிப்பு மண், தேங்காத ஈரம், தொந்தரவு செய்யப்படாத வேர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் செடி பிழைப்பது அரிது.

மண்: சுண்ணாம்புச் சத்துள்ள மண் இதற்கு ஆகாது. அம்மண்ணில் வேர் இரும்புச் சத்தைக் கவர முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளித்துச் செடி மாளும். மண்ணின் புளிப்பு அளவு 4.5 முதல் 6 வரை இருத்தல் வேண்டும். மண் பரிசோதனைச் சாலைக்கு மாதிரி அனுப்பித் தெரிந்துகொள்ளுதல் சிறந்தது. வீட்டிலேயே ஓரளவு அறிய வேண்டின், காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுதி, அவ்விடத்தில் நடவேண்டாம். பொங்காவிட்டால் மட்டும் புளிப்பு மண் என்று முடிவு செய்துவிடலாகாது.

விதை: காய் பழுப்பேறி வெடிக்கும் முன் பறித்துக் காகிதத்தில் உலர்த்தினால் தூள்போன்ற விதை உதிரும். இலைமட்கும் மணலும் கலந்து நிரப்பிய தட்டில், பாசியை நறுக்கிப் பரப்பி, அதன்மேல் விதையைத் தூவ வேண்டும். மண் போட்டு மூடலாகாது. வெளிச்சம் படாவிடில் முளைக்காது. தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்ய வேண்டும். கண்ணாடி கொண்டு மூடி நிழலில் வைத்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். நாற்று மிக மெதுவாய் வளரும். மர ஜாதி விதையிலிருந்து பூக்கப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே பொறுமையில்லாதவர் இதில் இறங்கலாகாது.

பதியமும் தண்டும்: தாழ்ந்த கிளையை வளைத்து, அடிப்புறத்தில் சிறிது கீறி, மண்ணில் புதைத்துக் கல் வைத்தால் ஓரிரண்டு ஆண்டுகளில் வேர் பிடிக்கும். மர ஜாதியின் தண்டுத் துண்டு வேர்பிடிப்பது கடினம். அசேலியாவின் இளந்தண்டு எளிதில் வேர் பிடிக்கும். விற்பனைக்கு நாற்று வளர்ப்போர் அசேலியாவிலேயே தொடங்குதல் உசிதம்.

நடுதல்: இதன் வேர் மயிரிழை போன்றது, ஆழம் செல்லாது, மேல்மண்ணிலேயே படரும். ஆகவே குழி ஆழத்தைவிட அகலம் மிகுதியாக இருக்க வேண்டும். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடவேண்டும். ஆழப் புதைத்தால் வேர் மூச்சற்று அழுகும். நீர் தேங்கும் இடமாயின் மேடு கட்டி நடலாம். உச்சிவெயில் படாமல், காலை வெயில் படும் இடம் நல்லது.

பராமரிப்பு: அடியைச் சுற்றிக் கொத்தலாகாது. களையைக் கையால் பிடுங்கி, சருகையும் மட்கிய இலையையும் மூன்று நான்கு அங்குல கனத்துக்குப் பரப்பி வைக்க வேண்டும். தண்டை ஒட்டிக் குவிக்கலாகாது. சாம்பலும் சுண்ணாம்பும் இடுதல் கூடாது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த கிணற்று நீரைவிட, பிடித்து வைத்த மழைநீரே சிறந்தது. தோட்டத்துச் செடியில் விதை வேண்டாவிடில் வாடிய கொத்துகளைக் கிள்ளி எடுத்துவிட்டால், செடியின் பலம் அடுத்த ஆண்டு மொட்டுக்குச் செல்லும்.

சமவெளியில் வளருமா?

இக்கேள்விக்கு விடை, வளராது என்பதே. மதுரையிலோ தஞ்சையிலோ திருச்சிராப்பள்ளியிலோ உள்ள கோடை வெப்பத்தை ஆர்போரியம் தாங்காது. இரவிலும் குளிராத மண்ணில் அதன் வேர் அழுகும். மலையில் வாங்கிய தொட்டிச் செடி ஓரிரண்டு மாதம் பசுமையாயிருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. அது மலையில் சேர்த்த பலத்தைச் செலவிட்டுக்கொண்டிருப்பதேயன்றி வேறில்லை. ஆகையால் பூங்கா அமைக்கவோ, நாற்று வியாபாரம் செய்யவோ விரும்பும் சமவெளிச் சங்கங்கள் இதற்காக ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். ஏரிக்கரைக்கும் சாலையோரத்துக்கும் நமது சொந்தப் பூவரசே போதும். நிழலும் தழையும் கட்டையும் தரும்.

இடம் மாறினால் வரும் தீமை

நல்ல செடியும் தனக்குரியதல்லாத இடத்தில் பகையாகலாம் என்பதற்கு ரோடோடெண்ட்ரானே ஓர் உதாரணம். பாண்டிகம் என்ற ஜாதி 1763-ஐ ஒட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. பிரபுக்கள் தம் தோட்டங்களில் அழகுக்காகவும், வேட்டைப் பறவைகளுக்கு மறைவிடமாகவும் அதனை நட்டனர். ஈரமான புளிப்பு நிலங்களில் அது கட்டுக்கடங்காமல் பரவி, கீழே ஒரு புல்லும் முளைக்காதபடி நிழலிட்டு, அந்நாட்டுச் சோலைகளை நெருக்கியது. அன்றியும் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சாண நோய் அதன் இலைகளில் தங்கிப் பரவுகிறது. 2009-இல் அந்நோய் லார்ச் மரங்களைத் தாக்கத் தொடங்கியது. அன்று ஆசையாய் நட்டதை இன்று பெரும் பணம் செலவிட்டு வெட்டி வருகின்றனர்.

நீலகிரியில் இதற்கு எதிர்மாறான காட்சி நடந்தது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை மரங்களும் கற்பூரத் தைல மரங்களும் புல்வெளிகளில் ஏறின. காட்டுப் பூவரசு நின்ற மேடுகள் பலவற்றை இன்று அவையே மூடியுள்ளன. 1990-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட முக்குருத்தி முதலிய இடங்களில் எஞ்சிய புல்வெளியும் காட்டுப் பூவரசும் காக்கப்படுகின்றன. ஓரிடத்தில் வந்தேறி, ஓரிடத்தில் வந்தேறியால் துன்புறுவது என இரு நிலையிலும் ஒரே இனம் நிற்பதைக் கண்டால், குற்றம் செடியினதன்று, யோசனையின்றி நடுவோரதே என்பது விளங்கும்.

மலைநாட்டுச் சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, ரிசர்வ் காட்டில் உள்ள மரத்தை வெட்டுதலும், கன்று பிடுங்குதலும், அனுமதியின்றிப் பூவும் விதையும் சேகரித்தலும் சட்டவிரோதம். அங்கத்தினர்க்கு விறகு வேண்டின், அவரவர் நிலத்தின் ஓரத்தில் விறகு மரம் வளர்க்கச் சங்கம் நாற்றளித்தல் தகும்.

இரண்டாவது, பட்டா நிலத்திலும் தோட்ட ஓரத்திலும் தானே நிற்கும் காட்டுப் பூவரசு மரங்களைச் சங்கத்தார் எண்ணி ஒரு புத்தகத்தில் பதிந்து வைக்கலாம். எந்த மரம் எந்த வாரத்தில் பூத்தது என்பதையும் ஆண்டுதோறும் குறித்தால், பத்தாண்டில் அப்புத்தகமே விலைமதிக்க முடியாத சாட்சியாகும். இதற்குப் பணம் வேண்டாம்; பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம்.

மூன்றாவது, நாற்றங்கால் வைக்கும் சங்கம் அசேலியாத் தண்டு நாற்றுகளை விற்பனைக்கும், அனுமதி பெற்றுச் சேகரித்த உள்ளூர் விதையிலிருந்து காட்டுப் பூவரசு நாற்றுகளை மலைச் சரிவுகளில் மீண்டும் நடுவதற்கும் வளர்க்கலாம். முதலாவதன் இலாபம் இரண்டாவதன் செலவை ஈடுசெய்யும்படி கணக்கைத் தனித்தனியே வைத்தல் வேண்டும். வாங்குவோர் சமவெளிக்கு எடுத்துச் செல்வதாகச் சொன்னால், அது பிழைக்காதென உண்மையைச் சொல்லிவிடுதல் சங்கத்தின் நாணயத்துக்கு அழகு. ஒரு நாற்றின் விலையை இழந்தாலும் ஒரு வாடிக்கைக்காரரின் நம்பிக்கையை இழவாதிருக்கலாம்.

நான்காவது, மேய்ப்போருக்கும் தேன் எடுப்போருக்கும் மேலே சொன்ன விஷ விஷயத்தைச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறையேனும் படித்துக் காட்டுதல் வேண்டும்.

ஒரு காட்டுப் பூவரசு கன்று முளைத்துப் பூக்கும் மரமாக நிற்பதற்குள், நட்டவரின் பிள்ளைகள் பள்ளியை விட்டு உழைக்கும் வயதை அடைந்திருப்பர். தனி மனிதர் ஒருவர் அவ்வளவு காலம் பொறுத்திருப்பது அரிது. அங்கத்தினர் மாறினும் தான் மாறாது தொடரும் சங்கத்துக்கே இத்தகைய வேலை ஏற்றது.